வீடியோ பார்த்த பிறகும் ரெஃபரிகள் ஏன் ஆட்டத்துக்கு ஒரு தீர்ப்புச் சொல்கிறார்கள்?

2024 ஜூன் 29, டார்ட்மண்ட். யூரோ கோப்பையில் கடைசி பதினாறு அணிகளின் சுற்று, ஜெர்மனியும் டென்மார்க்கும் மோதுகின்றன. இரண்டாம் பாதி தொடங்கிய கொஞ்ச நேரத்தில் டென்மார்க் டிஃபெண்டர் ஆண்டர்சன் கோல் அடிக்கிறார். வீடியோவில் பார்த்தால் அவருடைய சக வீரர் டிலேனியின் பூட்ஸ் நுனி மட்டும் எதிரணி டிஃபெண்டர்களைத் தாண்டி ஆஃப்சைடில் இருக்கிறது, கோல் ரத்து. அந்தக் கோபம் அடங்குவதற்குள் ஜெர்மனி ஒரு கிராஸ் போடுகிறது, பந்து அதே ஆண்டர்சனின் கையை லேசாக உரசிக்கொண்டு போகிறது. நேரில் பார்த்த யாருக்கும் தெரியாத உரசல் அது, ஆனால் பந்துக்குள் இருந்த சிப் அதைப் பிடித்துவிட்டது. டிவி திரையில் இதயத்துடிப்பு வரைபடம் மாதிரி ஒரு கோடு ஓடி, கை பட்ட இடத்தில் சட்டென்று எகிறியது. ரெஃபரி மைக்கேல் ஆலிவர் மைதான ஓரத்தில் இருந்த திரைக்குப் போய்ப் பார்த்தார், பெனால்டி கொடுத்தார், ஹாவர்ட்ஸ் கோல் அடித்தார். ஜெர்மனி 2-0 என்று ஜெயித்தது.

சரியாக ஆறு நாள் கழித்து, ஜூலை 5, ஷ்டுட்கார்ட். அதே கோப்பையின் காலிறுதி, அதே ஜெர்மனி, எதிரே ஸ்பெயின். ஆட்டம் 1-1 என்று எக்ஸ்ட்ரா டைமுக்குப் போய்விட்டது. முசியாலா கோலை நோக்கி ஓங்கி அடித்த பந்து ஸ்பெயின் டிஃபெண்டர் குக்குரேயாவின் இடது கையில் பட்டு நின்றது. இதில் உரசல் எல்லாம் கிடையாது, கோலுக்குப் போன ஷாட்டையே கை தடுத்துவிட்டது. ரெஃபரி ஆண்டனி டெய்லர் பெனால்டி இல்லை என்றார். வீடியோ அறையில் இருந்தவர்களும் அவரைத் திரைக்குக் கூப்பிடவில்லை. 119-ஆவது நிமிடம் மெரினோ தலையால் முட்டி ஸ்பெயினை ஜெயிக்க வைத்தார், ஜெர்மனி சொந்த நாட்டில் நடந்த போட்டியிலிருந்து வெளியேறியது. செப்டம்பரில், எல்லாம் முடிந்த பிறகு, ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏவின் நடுவர் குழு தன் விளக்கக் குறிப்பில் அது பெனால்டி கொடுத்திருக்க வேண்டியது என்று எழுதியது.

ஆலிவர், டெய்லர் இரண்டு பேரும் இங்கிலாந்துக்காரர்கள், பிரீமியர் லீக்கில் வருடம் முழுக்க விசில் ஊதுபவர்கள். போட்டி ஒன்று, விதிப்புத்தகம் ஒன்று, கேமராக்களும் ஒரே தரம். அப்படியிருந்தும் விரல் உரசினால் பெனால்டி, ஷாட்டைக் கையால் நிறுத்தினால் பெனால்டி இல்லை. இது எப்படி நடக்கிறது என்று புரியாமல்தான் புதிதாகக் கால்பந்து பார்க்க வருபவர்கள் பலர் "காசு வாங்கிட்டாங்க" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். காசெல்லாம் தேவையே இல்லை. இந்த வீடியோ முறை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால், இப்படி நடக்க அதற்குள்ளேயே இடம் இருப்பது தெரியும்.

முதலில் அடிப்படை. விஏஆர் என்றால் வீடியோ உதவி நடுவர். மைதானத்துக்கு வெளியே ஓர் அறையில் (இங்கிலாந்து லீக்குக்கு அது மேற்கு லண்டனில் ஸ்டாக்லி பார்க் என்ற இடத்தில் ஆரம்பித்தது) ஒரு ரெஃபரி, அவருக்கு ஓர் உதவியாளர், ரீப்ளேக்களை எடுத்துக் கொடுக்கிற தொழில்நுட்ப ஆள் எனச் சிலர் உட்கார்ந்து எல்லா கேமராவையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மைதான ரெஃபரியின் காதோடு இவர்களுக்கு நேரடி இணைப்பு உண்டு. கால்பந்து விதிகளை எழுதுகிற ஐஎஃப்ஏபி என்ற அமைப்பு 2018 மார்ச்சில் இதை விதிப்புத்தகத்தில் சேர்த்தது, அந்த வருடம் ரஷ்யாவில் நடந்த உலகக் கோப்பையில் உலகமே பார்த்தது. ஜெர்மனியும் இத்தாலியும் ஒரு சீசன் முன்பே தங்கள் லீக்குகளில் இறக்கிவிட்டன, பிரீமியர் லீக் 2019-20 சீசனில்தான் வந்து சேர்ந்தது.

இது எதற்காக வந்தது என்பதையும் மறக்கக்கூடாது. 2009 நவம்பரில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தியரி ஆன்றி கையால் பந்தை நிறுத்தி, அதிலிருந்து பிரான்ஸ் கோல் அடித்து, அயர்லாந்து வீட்டுக்குப் போனது. அடுத்த வருடம் தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பையில் இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு கோட்டுக்கு நல்ல தூரம் உள்ளே விழுந்து வெளியே வந்தது. டிவியில் பார்த்த சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது, ரெஃபரிக்குத் தெரியவில்லை. உலகம் முழுக்கப் பார்த்த ஒன்றைத் தீர்ப்புச் சொல்கிறவர் மட்டும் பார்க்க முடியாத நிலை நியாயமே இல்லை. விஏஆரைத் திட்டுகிறவர்கள் அந்தக் காலத்தையும் ஒரு தடவை நினைத்துப் பார்க்க வேண்டும்.

ஆனால் விஏஆர் எல்லாவற்றையும் திருத்த வரவில்லை, 2018-இல் அதற்குக் கொடுத்த வேலை நான்கே நான்கு. கோலா இல்லையா, பெனால்டியா இல்லையா, நேரடி சிவப்பு அட்டை, அப்புறம் தப்பான ஆளுக்கு அட்டை காட்டிவிட்டால் அதைச் சரிசெய்வது. நடு மைதானத்தில் விட்டுப்போன ஒரு ஃபவுல், தவறாகக் கொடுத்த ஃப்ரீ கிக், ஒரு மஞ்சள் அட்டை எதுவும் இந்தப் பட்டியலில் இல்லை. அந்தத் தப்பான ஃப்ரீ கிக்கிலிருந்து உங்கள் அணி கோல் வாங்கினாலும் இல்லை.

கிரிக்கெட் பார்க்கிறவர்களுக்கு இங்கே ஒரு குழப்பம் வரும். டிஆர்எஸ்ஸில் கேப்டன் கையால் 'டி' காட்டினால் மூன்றாவது அம்பயர் பார்த்தே ஆக வேண்டும். கால்பந்தில் அணிக்கு அந்த உரிமை கிடையாது. அறையில் இருப்பவர் தானாகவே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருப்பார், அவருக்குத் தோன்றினால்தான் ரெஃபரியைக் கூப்பிடுவார். வீரர் கையால் டிவி வரைந்து காட்டிக் கேட்டால் மஞ்சள் அட்டைதான் கிடைக்கும். அதாவது எதை மறுபரிசீலனை செய்வது, எதை விடுவது என்பதே ஒரு மனிதரின் முடிவு. நாம் பெரும்பாலும் கவனிக்காமல் விடுகிற இடம் இது.

அவர் எப்போது கூப்பிடலாம்? விதி சொல்வது இது: மைதான ரெஃபரி தெளிவான, யாருக்கும் சந்தேகம் வராத தவறு செய்திருந்தால், அல்லது முக்கியமான ஒன்றை முழுக்கவே கவனிக்காமல் விட்டிருந்தால் மட்டும். மைதானத்தில் எடுத்த முடிவுதான் அடிப்படை. அறையில் இருப்பவர் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியது "நானாக இருந்தால் என்ன கொடுத்திருப்பேன்" என்ற கேள்வி கிடையாது, "அவர் கொடுத்தது தாங்கவே முடியாத அளவுக்குத் தப்பா" என்பதுதான்.

இதை ஒரு சம்பவத்தில் வைத்துப் பாருங்கள். பெனால்டி ஏரியாவில் ஒருவர் விழுகிறார், கொஞ்சம் தொட்டிருக்கிறார்கள், பத்து ரெஃபரிகளைக் கேட்டால் ஐந்து பேர் பெனால்டி என்பார்கள், ஐந்து பேர் இல்லை என்பார்கள். சனிக்கிழமை ஆட்டத்தில் ரெஃபரி பெனால்டி கொடுக்கிறார். அறையில் பார்க்கிறார்கள், தொட்டிருக்கிறார் அல்லவா, தெளிவான தவறு என்று சொல்ல முடியாது, பெனால்டி நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை அச்சு அசலாக அதே சம்பவம், இந்த ரெஃபரி கொடுக்கவில்லை. அறையில் பார்க்கிறார்கள், லேசாகத்தான் தொட்டிருக்கிறார், இதுவும் தெளிவான தவறு இல்லை, பெனால்டி இல்லாமல் ஆட்டம் ஓடுகிறது. இரண்டு அறைகளும் விதிப்படியேதான் நடந்திருக்கின்றன. இரண்டு அணி ரசிகர்களுக்கும் நெஞ்சு எரிகிறது, எரிவதில் தப்பும் இல்லை. கிரிக்கெட்டில் 'அம்பயர்ஸ் கால்' வந்து, அதே பந்துக்கு ஒருவர் அவுட், இன்னொருவர் நாட் அவுட் ஆகிறாரே, ஏறக்குறைய அதுதான் இது. ஆனால் அங்கே பந்து ஸ்டம்பில் எவ்வளவு படுகிறது என்று ஓர் அளவாவது இருக்கிறது. இங்கே எவ்வளவு தவறு என்றால் 'தெளிவான' தவறு என்பதற்கு அளவுகோலே கிடையாது. ஒவ்வொருவர் மனதிலும் ஒரு கோடு, ஒவ்வொரு லீக்கிலும் ஒரு கோடு. பிரீமியர் லீக் அந்தக் கோட்டை உயரமாகவே வைத்திருக்கிறது, முடிந்தவரை மைதான ரெஃபரி சொன்னதோடு விட்டுவிடுவோம் என்பது அவர்கள் வழி.

இதற்கு அடியில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, விதிகளே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன. ஃபவுல் விஷயத்தில் கவனக்குறைவாக மோதினால் ஃப்ரீ கிக் மட்டும், எதிராளிக்கு ஆபத்து என்று தெரிந்தும் பொருட்படுத்தாமல் போனால் மஞ்சள், அளவுக்கு மீறிய பலத்தோடு மோதினால் சிவப்பு. எங்கே ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்று எந்தக் கேமராவும் சொல்லாது. ஹேண்ட்பால், அதாவது பந்து கையில் படுகிற விஷயம், இதைவிட மோசம். வேண்டுமென்றே தொட்டால் தப்பு, அது புரிகிறது. வேண்டுமென்று தொடாவிட்டாலும், கை இருந்த நிலை உடம்பை இயல்புக்கு மாறாகப் பெரிதாக்கியிருந்தால் தப்பு. ஓடுகிற, குதிக்கிற, திரும்புகிற ஒருவருக்கு எது இயல்பு? 2019-இல் ஒரு மாதிரி எழுதினார்கள், 2021-இல் அதில் ஒரு பகுதியை மாற்றினார்கள், நடுவில் தோளுக்குக் கீழே எங்கிருந்து கை தொடங்குகிறது என்று சட்டைக் கையை வைத்துக் கோடு கிழித்தார்கள். ஒவ்வொரு திருத்தமும் நல்ல எண்ணத்தில் வந்ததுதான், ஆனால் வீரர்களுக்கே எது விதி என்று தெரியாத நிலைக்கு வந்துவிட்டது. டிஃபெண்டர்கள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஷாட்டைத் தடுக்க ஓடுகிறார்களே, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். மனிதன் அப்படி ஓடவே மாட்டான். இயல்பாக இருக்கச் சொல்கிற விதி ஆளை இயல்பாக ஓட விடவில்லை.

அதோடு லீக்குக்கு லீக் ஹேண்ட்பாலுக்கு வேறு வேறு வழிகாட்டல். ஐரோப்பியப் போட்டிகளில் கடுமை, இங்கிலாந்தில் கொஞ்சம் தளர்வு. 2023 நவம்பர் 28 அன்று பாரிஸில் பிஎஸ்ஜிக்கு எதிராக இங்கிலாந்தின் நியூகாசில் 1-0 என்று முன்னால் இருந்தது, சாம்பியன்ஸ் லீக்கில் அவர்களுக்குப் பெரிய இரவு அது. கடைசி நேரத்தில் பந்து நியூகாசில் டிஃபெண்டர் லிவ்ரமெண்டோவின் நெஞ்சில் பட்டுத் தெறித்து முழங்கைக்குப் போனது. ரெஃபரியைத் திரைக்குக் கூப்பிட்டார்கள், பெனால்டி, 98-ஆவது நிமிடம் பிஎஸ்ஜியின் எம்பாப்பே அடித்தார், ஆட்டம் 1-1 என்று முடிந்தது. சொந்த உடம்பில் பட்டு மாறிய பந்து கையில் பட்டால் தண்டிக்க வேண்டாம் என்று யூஇஎஃப்ஏவின் சொந்த ஆலோசனைக் குழுவே அந்த வருடம் பரிந்துரை செய்திருந்தது! அன்று வீடியோ அறையில் இருந்த நடுவரை அடுத்து அவர் பார்க்க வேண்டிய ஆட்டத்திலிருந்து எடுத்துவிட்டார்கள். நியூகாசிலுக்குப் போன இரண்டு புள்ளி திரும்பி வரவில்லை, அந்தக் குழுவில் கடைசி இடம்தான் கிடைத்தது.

சரி, கேமராவாவது உண்மையைச் சொல்கிறதா என்றால் அதிலும் கவனம் தேவை. ஸ்லோ மோஷனில் பார்த்தால் எல்லா மோதலும் கொடூரமாகத் தெரியும், எல்லாக் கையும் வேண்டுமென்றே போன மாதிரி தெரியும். இது விதி எழுதியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் எங்கே பட்டது, பந்து வெளியே போனதா போன்ற விவரங்களுக்கு மட்டும் ஸ்லோ மோஷன், மோதலின் வேகத்தையும் பலத்தையும் எடைபோட வழக்கமான வேகம் என்று நடைமுறையில் எழுதி வைத்திருக்கிறார்கள். ஆனால் 2023 செப்டம்பர் 30 அன்று டாட்டன்ஹாம் மைதானத்தில் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸ் மேல் மறுபரிசீலனை வந்தபோது, ரெஃபரி திரைக்கு வந்ததும் அவர் கண்ணில் முதலில் பட்டது எதிராளியின் கணுக்காலுக்கு மேல் ஜோன்ஸின் கால் மடக்கி அழுத்திக்கொண்டிருக்கிற உறைந்த படம். பந்தின் மேல் பட்டு வழுக்கி அங்கே போன கால் அது. முதலில் காட்டிய மஞ்சள் சிவப்பானது. அது சிவப்பா என்று இன்றும் வாதாடலாம், ஆனால் எந்தப் படத்தை முதலில் காட்டுகிறோம் என்பதே பாதித் தீர்ப்பு என்பது என் எண்ணம்.

அதே ஆட்டம்தான் விஏஆர் வரலாற்றின் மிக வெட்கக்கேடான சில நொடிகளுக்கும் சாட்சி. ஆட்டம் 0-0. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் அடிக்கிறார், லைன்ஸ்மேன் ஆஃப்சைட் கொடி தூக்குகிறார். அறையில் கோடு போட்டுப் பார்க்கிறார்கள், டியாஸ் ஆஃப்சைடில் இல்லை, நன்றாகவே தெரிகிறது. ஆனால் அறையில் இருந்த நடுவர், மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அதனால் "சரிபார்த்தாயிற்று" என்று சொல்லிவிட்டார். மைதானத்தில் இருந்தவர்களுக்கு அதன் பொருள் என்ன? நீங்கள் சொன்னது சரி, அதாவது ஆஃப்சைட். ஃப்ரீ கிக் எடுத்து ஆட்டம் ஓட ஆரம்பித்தது. சில நொடிகளில் ரீப்ளே ஆள்தான் முதலில் கவனித்தார், மைதானத் தீர்ப்பு ஆஃப்சைட் அல்லவா, இதில் உங்களுக்குத் திருப்தியா என்று கேட்டார். ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள் என்றும் குரல் வந்தது. நடுவரோ, ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்றார். விதி அப்படித்தான், ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் ஓரிரு விதிவிலக்கு தவிரப் பின்னால் போக முடியாது. லிவர்பூல் கடைசி நிமிட சேம்சைட் கோலில் 2-1 என்று தோற்றது. நடுவர்கள் அமைப்பு அன்றிரவே இது பெரிய மனிதத் தவறு என்று ஒப்புக்கொண்டது, சில நாளில் அந்த அறையின் ஆடியோவையும் வெளியிட்டது. கேட்டவர்களுக்குத் தெரியும், அங்கே சதி எதுவும் இல்லை. அவசரம், பதற்றம், யார் என்ன முடிவு சொன்னார்கள் என்று ஒருவரையொருவர் உறுதிப்படுத்திக்கொள்ளாத அலட்சியம், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைத் தெளிவாகச் சொல்லக்கூட ஒரு நடைமுறை இல்லாமல் இத்தனை கோடி செலவில் ஒரு அமைப்பு ஓடியிருக்கிறது என்பதை இன்றும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆஃப்சைட் மட்டும் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது. பழைய முறையில் பந்து காலை விட்டுக் கிளம்பிய ஃப்ரேமை ஒருவர் கண்ணால் தேர்ந்தெடுத்துக் கோடு போட வேண்டும். நொடிக்கு 50 ஃப்ரேம் என்றால், நொடிக்கு எட்டு மீட்டர் ஓடுகிற ஸ்ட்ரைக்கர் இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார், அவரைப் போய் அக்குள் ஆஃப்சைட் என்று ரத்து செய்துகொண்டிருந்தார்கள். 2022 கத்தார் உலகக் கோப்பையில் 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடம்பிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 தடவை பின்தொடர்ந்தன, பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 தடவை தகவல் அனுப்பியது, எப்போது உதைத்தார்கள் என்ற ஊகம் ஏறக்குறைய போய்விட்டது. பிரீமியர் லீக்குக்கு இது 2025 ஏப்ரலில் வந்தது. டிலேனியின் பூட்ஸ் நுனி மாதிரி முடிவுகள் வலிக்கும்தான், ஆனால் எல்லோருக்கும் ஒரே கோடு. அளக்க முடிந்ததை இயந்திரம் அளக்கட்டும், அதில் எனக்குப் புகார் இல்லை.

அளக்க முடியாததில்தான் சண்டை எல்லாம். சுவீடன் கிளப்புகள், ரசிகர்களின் வற்புறுத்தலால், எங்களுக்கு விஏஆரே வேண்டாம் என்று சொல்லிவிட்டன. 2024 ஜூனில் உல்வ்ஸ் கிளப் இதை நீக்க வேண்டும் என்று பிரீமியர் லீக்கில் தீர்மானம் கொண்டுவந்து, 19-1 என்று தோற்றது. நீக்குவது சரி என்று நானும் நினைக்கவில்லை, ஆன்றியின் கையையும் லாம்பார்டின் கோலையும் திரும்பக் கொண்டுவந்து எதைச் சாதிப்பது?

எனக்குப் பட்ட பெரிய குறை வேறு. டிக்கெட் வாங்கி மைதானத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரிவதில்லை. மூன்று நான்கு நிமிடம் ரெஃபரி காதில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார், பெரிய திரையில் 'சரிபார்ப்பு நடக்கிறது' என்று ஒரு வரி, அப்புறம் ஒரு சைகை, முடிந்தது. ரக்பியில் இந்த உரையாடல் முழுவதையும் பார்வையாளர்கள் நேரடியாகக் கேட்கிறார்கள். கால்பந்தில் 2023 பெண்கள் உலகக் கோப்பையில்தான் ரெஃபரி மைக்கில் முடிவை அறிவிக்கும் பழக்கம் பெரிய அளவில் வந்தது, இங்கிலாந்தில் 2025 ஜனவரியில் லீக் கோப்பை அரையிறுதியில் முதல் தடவையாகக் கேட்டோம். அதுவும் முடிவு மட்டும்தான், எப்படி அந்த முடிவுக்கு வந்தார்கள் என்ற பேச்சு இன்னும் மூடிய கதவுக்குள்தான். டெய்லரும் அறையில் இருந்தவர்களும் குக்குரேயாவின் கையைப் பற்றி அந்த நிமிடம் என்ன பேசிக்கொண்டார்கள் என்று ஜெர்மனி ரசிகர்கள் கேட்டிருந்தால் கோபம் போயிருக்காது, ஆனால் எதன்மேல் கோபப்படுவது என்றாவது தெரிந்திருக்கும்.

இன்னொரு வழியும் சோதனையில் இருக்கிறது. 2024-இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக் கோப்பையில் விஏஆர் அறையே இல்லை. பயிற்சியாளருக்கு ஓர் ஆட்டத்தில் இரண்டு தடவை மறுபரிசீலனை கேட்கும் உரிமை, கேட்டது சரியென்றால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும், ரெஃபரி தானே திரைக்குப் போய்ப் பார்த்து முடிவு சொல்ல வேண்டும். செலவு குறைவு என்பதால் சின்ன போட்டிகளுக்காக யோசித்த ஏற்பாடு அது. எனக்கென்னவோ பெரிய லீக்குகளும் ஒரு சீசன் இதை முயன்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. ரெஃபரியின் தீர்ப்பு அப்போதும் ஆளுக்கு ஆள் மாறும், ஆனால் எதைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிற உரிமையாவது விளையாடுகிற அணியிடம் இருக்கும்.